சகுனா: நெல் சரியாக விளைந்தால்தான் அடி பலமாக விழும்

‘சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்’ கேமில் நூற்றுக்கணக்கில் பேய்களை வெட்டிச் சாய்த்தாலும் நாயகியின் லெவல் ஒன்றுகூட ஏறாது. அது ஏறுவது வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, நெல் அறுவடையாகி அரிசிக் கணக்கு திரையில் வரும்போது. அரிசியின் அளவு, சுவை, கெட்டித்தன்மை, பிசுபிசுப்பு, தோற்றம், மணம் என்று ஆறு மதிப்பெண்கள். அந்த ஆறும் சகுனாவின் பலத்திலும் உயிர் அளவிலும் மற்ற திறன்களிலும் போய்ச் சேரும். அந்த வருடம் விளைச்சல் சொதப்பினால் அடுத்த வருடம் முழுக்க அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. அட்டைப்படத்தையும் டிரெய்லரையும் பார்த்தால் வேகமான சண்டை கேம் போலத் தெரியும். சண்டை இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இந்த கேமின் உயிர் வயலில்தான் இருக்கிறது. நாற்று, நடவு, மடை, களை என்று கேட்டதும் கொட்டாவி வருகிறவர்களுக்கு இது சரிப்படாது.

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, நின்டெண்டோ ஸ்விட்ச், பிசி மூன்றிலும் வெளியானது. உருவாக்கியது எடல்வைஸ் என்ற ஜப்பானியச் சிறு குழு; மையத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர். இதற்கு முன் ‘ஆஸ்டபிரீட்’ என்ற விண்வெளிச் சுடும் கேமைச் செய்தவர்கள், அங்கிருந்து நேராக நெல் வயலுக்கு வந்திருக்கிறார்கள். ஜப்பானில் வெளியிட்டது மார்வலஸ், அமெரிக்காவில் எக்ஸ்சீட். சிறு குழுவின் கேம் என்று பார்த்தால் விற்பனை பெரிது, பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2024இல் டிவி அனிமே தொடராகவும் வந்தது.

கதைக்கு அதிக இடம் தேவையில்லை. சகுனா ஓர் அறுவடைத் தெய்வம். தாய் அறுவடைத் தெய்வம், தந்தை போர்த் தெய்வம். அவர்கள் சேர்த்து வைத்த சொத்தில் தலைநகரில் உட்கார்ந்து தின்று தீர்க்கும் செல்லப் பிள்ளை. வழிதவறி வந்த மனிதர்களால் நடந்த களேபரத்தில் பெரிய தெய்வத்துக்குரிய அரிசிக் கிடங்கு தீக்கிரையாக, தண்டனையாகப் பேய்கள் உலவும் ஹினோயே தீவுக்கு அனுப்பப்படுகிறாள். கூடவே அந்த மனிதர்கள் ஐந்து பேரும். துணைக்குத் தமா என்ற கிழட்டு ஆவி வேறு, வாயைத் திறந்தால் புத்திமதிதான். மண்வெட்டியே பிடித்தறியாத ஒரு தெய்வம் அங்கே வயலில் இறங்க வேண்டும்.

வயல் வேலைகளை இந்த கேம் எவ்வளவு நுணுக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் புரியும். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என நான்கு பருவங்கள், பருவத்துக்கு மூன்று நாள், ஆக ஒரு வருடம் பன்னிரண்டு நாள். முதலில் உழவு. மண்வெட்டியால் கட்டம் கட்டமாகக் கொத்த வேண்டும், கல் கிடந்தால் பொறுக்கி எறிய வேண்டும். பாதி கொத்தி மீதியை விட்டாலும் நடவு நடக்கும், ஆனால் விளைச்சலில் அடிபடும்.

அடுத்தது விதைத் தேர்வு. விதைநெல்லைத் தண்ணீரில் போட்டு, சேறோ உப்போ கலந்து அடர்த்தியைக் கூட்டி, மிதக்கும் பதரை நீக்குவது. உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பதம் பார்க்கும் நம் ஊர் முறையும் ஜப்பானிய முறையும் இந்த இடத்தில் ஒன்றுதான். கரைசல் அடர்த்தியாக இருந்தால் கனமான விதை மட்டுமே தேறும்; நாற்றின் எண்ணிக்கை குறையும், தரம் கூடும். முதல் வருடத்தில் இந்தச் சல்லடையை ரொம்ப இறுக்கிவிட்டு, வயலை நிரப்ப நாற்றுப் போதாமல் முழிப்பவர்கள் அதிகம். பிறகு நாற்றங்கால். நெருக்கி விதைத்தால் நாற்று எண்ணிக்கை கிடைக்கும், ஆனால் ஒல்லியாக வளரும்.

நடவில்தான் முதலில் பொறுமை சோதிக்கப்படும். சகுனா பின்பக்கமாக நகர்ந்துகொண்டே ஒவ்வொரு குத்தாக ஊன்றுவாள். ஆரம்பத்தில் கோடும் கிடையாது, கட்டமும் கிடையாது. வரிசை கோணலாகப் போகும், ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் வெறிச்சென்று கிடக்கும். நெருங்கிய இடத்தில் காற்றோட்டம் இல்லாமல் நோய் வரும். வெறுமையான இடத்தில் களை மண்டும். செய்யச் செய்யத்தான் திறமை கூடும். சில வருடம் கழித்து வழிகாட்டிக் கோடுகள் தெரியத் தொடங்கும், ஒரே வீச்சில் பல குத்து நடலாம். சண்டைக்கு லெவல் தராத கேம், நடவுக்கும் கொத்துக்கும் மட்டும் பழகிய கைக்குத் தாராளமாகப் பரிசு தருகிறது. பின்னால் நடவுப் பாட்டும் வந்து சேரும். இசையமைப்பாளர் ஹிரோயுகி ஓஷிமா; ஜப்பானியப் பழைய வாத்தியங்களின் சத்தம் வயலிலும் காட்டிலும் கூடவே வரும்.

தண்ணீர்க் கட்டுப்பாடு கேமின் மிக அழகான பகுதி. வயலுக்குத் தண்ணீர் வர ஒரு மடை, வெளியேற ஒரு மடை. இரண்டையும் திறந்து மூடி மட்டத்தை நிறுத்த வேண்டும். நட்ட நாற்று வேர் பிடிக்கும்வரை தண்ணீர் வற்றக் கூடாது. தூர் கட்டும் காலத்தில், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும்போது, மட்டம் குறைவாக இருக்க வேண்டும். போதுமான தூர் வெடித்ததும் தண்ணீரை அடியோடு வடித்து மண்ணைக் காயவிட வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் வயல்களில் சொல்வதற்கு இது நெருக்கம். ஜப்பானில் கோடை நடுவே செய்யும் இந்த வடிகாலால் வேருக்குக் காற்று கிடைக்கும், வீண் தூர் வெடிப்பது நிற்கும், பயிர் சாயாது. கதிர் வரும் சமயம் மறுபடி தண்ணீர், அறுப்புக்கு முன் மறுபடி வடிப்பு. இதெல்லாம் சரியாகச் செய்தால் கதிர் எண்ணிக்கையில் கண்முன்னே வித்தியாசம் தெரியும். மடையைத் திறந்துவிட்டு மறந்துபோய்க் காட்டுக்குச் சண்டைக்குக் கிளம்புவது எல்லோரும் செய்யும் தவறு. திரும்பி வரும்போது வயல் குளமாகியிருக்கும், இல்லையென்றால் வெடித்துக் கிடக்கும்.

இனி எரு. அடிப்படைச் சரக்கு வீட்டுக் கழிப்பறையிலிருந்து வருகிறது. முகம் சுளிக்க வேண்டாம், பழைய ஜப்பானில் மனிதக் கழிவு விலை போட்டு வாங்கப்பட்ட உரம். அதோடு காட்டில் கிடைக்கும் செடி, எலும்பு, சாம்பல், கெட்டுப்போன சாப்பாடு, பேய்களிடமிருந்து விழும் பொருள் என எதையும் கலக்கலாம். இலைச் சத்து, கதிர்ச் சத்து, வேர்ச் சத்து என மூன்று கணக்கு. பள்ளிக்கூடப் பாடத்து தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்துதான் இவை. இவை போக நஞ்சு, பூச்சி எதிர்ப்பு, களை எதிர்ப்பு, நோய் எதிர்ப்பு என்று தனிக் கணக்கு. பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இலைச் சத்தில்தான். பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பார்க்க ஆசையாக இருக்கும், அறுத்தால் கதிரில் ஒன்றும் இருக்காது. நிஜ வயலிலும் தழைச்சத்து மிஞ்சினால் இதேதான், குலை நோய்க்கும் அது வாசலைத் திறந்துவிடும். பூச்சிக்குப் பயந்து நஞ்சு நிறைந்த சரக்கைக் கொட்டினால் பூச்சி தின்னும் சிலந்தியும் தவளையும் சேர்ந்து போய்விடும். பின்னாளில் வாத்து கிடைக்கும். வயலில் விட்டால் களையையும் பூச்சியையும் பார்த்துக்கொள்ளும். ஜப்பானில் இன்றும் சில விவசாயிகள் கையாளும் முறை அது.

அறுத்த பிறகும் வேலை முடியாது. தாள்களைக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் ஈரம் தங்கும், அதிகமாகக் காயவிட்டால் தரம் இறங்கும். மழை வந்தால் காத்திருப்பு நீளும். கதிரடிக்க ஆரம்பத்தில் கிடைப்பது இரண்டு குச்சி மட்டுமே. கதிரை இடுக்கில் வைத்து இழுத்து இழுத்து நெல்லை உதிர்க்க வேண்டும், பட்டனை அழுத்தி அழுத்தி விரல் ஓய்ந்துவிடும். பிறகு சீப்பு போன்ற செம்பாகோகி கருவி கிடைத்ததும் வேலை சட்டென்று சுருங்கும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிஜ ஜப்பானில் இந்தக் கருவி வந்தபோது, கதிரடித்துக் கூலி வாங்கிப் பிழைத்த விதவைகளின் வேலை போனதால் அதற்கு ‘விதவையைக் கவிழ்ப்பது’ என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது. அந்தக் குச்சியோடு ஓரிரு வருடம் மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் தெரியும்.

கடைசியாக உரலில் குத்துவது. உமியை மட்டும் நீக்கித் தவிட்டோடு வைத்துக்கொள்ளலாம், வெள்ளை வெளேரென்று தீட்டவும் செய்யலாம். எது என்பதைப் பொறுத்துச் சாப்பாட்டின் பலன் மாறும். புழுங்கல் மட்டும் கிடையாது, ஜப்பானில் அந்தப் பழக்கமே இல்லை.

இவ்வளவையும் கேம் நமக்குச் சொல்லித் தருகிறதா என்றால், இல்லை. இதுதான் அதன் பெரிய கவர்ச்சி, பெரிய குறையும் இதுதான். எப்படிக் கொத்துவது, எந்த பட்டனை அழுத்துவது என்பதற்கு மேல் ஆரம்பத்தில் விளக்கம் கிடையாது. காட்டில் அங்கங்கே கிடைக்கும் விவசாயச் சுவடிகளில் துண்டு துண்டாகக் குறிப்பு வரும், அவ்வளவுதான். கேம் வெளியான நாட்களில் ஜப்பானிய ஆட்டக்காரர்கள் விவசாய அமைச்சகத்தின் இணையதளத்தில் நெல் சாகுபடிப் பக்கங்களைத் தேடிப் படித்தார்கள், ‘இந்த கேமுக்கு அமைச்சகத்தின் தளம்தான் கைடு’ என்ற வேடிக்கை நாடெங்கும் பரவியது. வேடிக்கையாகச் சொன்னாலும் அது உண்மை. நிஜ நெல் அறிவு இங்கே அப்படியே செல்லுபடியாகும். டெல்டாப் பக்கம் வளர்ந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் கன்ட்ரோலரைத் தொடாமலே பாதி கேமை நடத்திக் கொடுத்துவிடுவார்.

ஆனால் அப்படி ஓர் ஆள் இல்லாதவர்களின் நிலைமை வேறு. போன வருடத்தைவிட இந்த வருடம் மணம் ஏன் குறைந்தது என்று கேம் சொல்லாது. தண்ணீரா, எருவா, காய வைத்ததா, வானிலையா? பன்னிரண்டு நாள் பாடுபட்டதற்கு ஆறு எண்கள் மட்டும் வரும், காரணம் வராது. ஒரு பரிசோதனையின் முடிவு தெரிய ஒரு முழு வருடம் ஆக வேண்டியிருக்கும்போது, வருடக் கடைசியில் இரண்டு வரி விளக்கம் கொடுத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. மர்மத்தைக் காப்பாற்றுவது வேறு, கணக்கை மறைப்பது வேறு.

சண்டைக்கு வருவோம். வயல் முப்பரிமாணத்தில் இருக்கும். சண்டை பக்கவாட்டில் ஓடும் பழைய பாணி. ஆயுதங்கள் எல்லாம் விவசாயக் கருவிகளின் வம்சம். லேசான அடி, கனமான அடி, இவற்றோடு ஸ்டிக்கைத் தள்ளும் திசைக்கேற்ற விதங்கள். இவற்றையெல்லாம்விட முக்கியம் சகுனாவின் தெய்வீக மேலாடை. அதைச் சுவரில் வீசித் தொற்றி ஏறலாம், எதிரியின் மேல் வீசி அவன் முதுகுப் பக்கம் போய் விழலாம், பிடித்து இழுத்து இன்னொருவன் மேல் எறியலாம். ஓர் எதிரி பறந்துபோய் இன்னொருவனை மோதினால் இருவருக்கும் அடி. கவசம் போட்ட முயல்கள் கூட்டமாக வரும்போது ஒன்றைத் தூக்கி மற்றவற்றின் மேல் வீசிக் கூட்டத்தையே கலைக்கலாம். புதிதாக வருகிறவர்கள் மேலாடையை ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு அடி பட்டனையே குத்திக்கொண்டிருப்பார்கள். எதிரி கை ஓங்கும் நேரத்தில் மேலாடையை வீசிப் பின்னால் போகப் பழகினால் கஷ்டம் பாதியாகும்.

பொழுதையும் கணக்கில் வைக்க வேண்டும். இருட்டிய பிறகு எதிரிகளின் பலம் எகிறிவிடும். பகலில் இரண்டு அடியில் சாயும் காட்டுப்பன்றி ராத்திரியில் நம்மைச் சாய்க்கும். கட்டம் தேர்ந்தெடுக்கும் திரையில் அந்த இடத்துக்கு எந்த லெவல் வேண்டும் என்று காட்டும். அது பகல் கணக்கு. சாயங்காலத்துக்குள் வீடு திரும்பினால் ராச்சாப்பாடு கிடைக்கும், அந்தச் சாப்பாட்டின் பலன் மறுநாள் வயிறு காலியாகும்வரை கூட வரும். சண்டை இல்லாத நேரத்தில் உயிர் தானாக ஏறுவதும் சாப்பிட்டதைப் பொறுத்ததுதான். பட்டினியோடு கிளம்பினால் அடிபட்டது அடிபட்டதாகவே இருக்கும். கொண்டுவரும் இறைச்சியும் மீனும் நாளாக ஆகக் கெட்டுப்போகும். கூட வந்த ஐவரில் சமையல் பொறுப்பில் இருக்கும் மிர்தே அவற்றை உலர்த்தியும் புளிக்கவைத்தும் காப்பாற்றித் தருவார். குளிர்காலத்தைத் தாண்ட இதை இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.

ராச்சாப்பாட்டுக் காட்சி தனியாகச் சொல்லத் தக்கது. எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், எதிரே கிண்ணங்கள், நடுவில் பேச்சு. கொல்லன் வேலை செய்யும் கின்தா, நெசவு நெய்யும் யுயி, மிருகங்களோடு பேசும் சின்னப் பையன் கைமாரு, கடல் கடந்து மதம் பரப்ப வந்த மிர்தே, கொள்ளைக்கூட்டத்திலிருந்து ஓடிவந்த தாவெமோன். முதல் வருடம் உப்புச்சப்பில்லாத கஞ்சிக்குச் சண்டை போட்டுக்கொள்பவர்கள் மூன்றாம் வருடம் யார் என்ன சாப்பிடமாட்டார் என்பதுவரை தெரிந்து பேசிக்கொள்வார்கள். பேச்சை ஒரு பட்டனில் தாண்டிவிடலாம். தாண்டினால் இந்த கேமில் பாதி ருசி போய்விடும்.

குறைகளில் வயலுக்கு அடுத்தது தேடல் கட்டங்கள். புதிய பகுதி திறக்க வேண்டுமென்றால் பழைய பகுதிகளில் சின்னச் சின்னக் குறிக்கோள்களை முடித்துப் புள்ளி சேர்க்க வேண்டும்: இந்தப் பொருளைக் கண்டுபிடி, இந்த எதிரியை இத்தனை கொல், ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடு. நடுப்பகுதிக்கு வரும்போது ஏற்கெனவே முடித்த குகைக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். எதிரிகளும் அதே முயல், அதே பன்றி, அதே மான், நிறமும் கவசமும் மட்டும் மாறும். ஆயுதத்தை மேம்படுத்தவும் இதே மாதிரி நிபந்தனைகள். பெரிய எதிரிகள் சிலர் வந்ததும் கடினம் திடீரென்று செங்குத்தாக ஏறும். அந்த இடத்தில் கைத்திறமையைவிட இன்னொரு அறுவடைதான் உதவும். கேமின் கொள்கைக்கு அது பொருத்தம்தான், ஆனால் நான்கு பருவம் காத்திரு என்பது சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் ஆடக் கிடைக்கும் ஆளுக்குப் பெரிய தண்டனை. சண்டையின் கடினத்தை மெனுவில் குறைத்துக்கொள்ளலாம், தயங்க வேண்டாம்.

வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. தாவெமோனிடம் கொத்து, நடவு, அறுப்பு எல்லாவற்றையும் தள்ளிவிடலாம். அவர் வாயில் விவசாயம் கரைபுரளும், கையில் வராது. அவர் நட்ட வரிசையைப் பார்த்தால் ஆத்திரம்தான் வரும், மதிப்பெண்ணும் அதற்கேற்பத்தான் விழும். கொத்து வேலைக்கு மட்டும் அவரை அனுப்பலாம். நடவையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொள்வதே நல்லது. வயலில் கேமராவும் ஒரு தொல்லை. நட்டுக்கொண்டே வரப்போரம் ஒதுங்கும்போது கோணம் திரும்பி வரிசை கலையும். பெரிய தவறில்லை, ஆனால் ஒவ்வொரு வருடமும் நடக்கும்.

முக்கியக் கதை இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் முடியும். அதன் பிறகு 300 அடுக்குக் கோட்டை ஒன்று திறக்கும். அடுக்கு அடுக்காக அதே எதிரிகள், அதே அறைகள். அரிசியைச் சீராக்குவதில் உண்மையிலேயே பித்துப் பிடித்தவர்களைத் தவிர மற்றவர்கள் கதையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதில் வாங்குவது? நல்ல பிசி இருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கடையில். படம் தெளிவாக இருக்கும், அடிக்கடி சலுகை விலையும் வரும். ஸ்விட்ச்சில் கையில் வைத்து ஆடும்போது சண்டைக் கூட்டத்தில் படம் கொஞ்சம் மங்கும், ஆனால் களை பறிப்பதற்கும் மடை திறப்பதற்கும் படுத்துக்கொண்டே ஆட அதைவிட வசதி கிடையாது. குரலை ஜப்பானியத்தில் வைத்து, எழுத்தை ஆங்கிலத்தில் வைப்பது உத்தமம். தமிழ் எழுத்து கிடையாது. பேச்சு அதிகம் என்பதால் ஆங்கிலம் ஓரளவு வேகமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கியவர்கள் முதல் வருடத்தில் தரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். விதைத் தேர்வை இறுக்காமல் வயலை நிரப்பி நடுங்கள், எருவில் மூன்று சத்தும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும், தினமும் காலையில் காட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு மடையையும் ஒரு தடவை பாருங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து, ஒரு வருடத்துக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். தண்ணீரையும் எருவையும் ஒரே வருடத்தில் மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு வசந்தத்திலும் உழுவதற்கு முன் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள். கோடையில் வயல் கெட்டுப்போனால் திரும்பிப் போக வேறு வழி கிடையாது.